பிறப்பதற்கு ஏழு நாள் முன்பு ஞானஸ்நானம்

என் சம்பந்தியம்மாவின் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. கல் தயாராகத்தான் இருந்தது. சாம்பல் நிற கிரானைட், பெயர் செதுக்கியாயிற்று, இறந்த தேதியும் செதுக்கியாயிற்று. இறந்த தேதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அப்போது கட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள். பிறந்த தேதிக்கு உரிய இடம் மட்டும் மழமழவென்று காலியாக இருக்க, அந்தக் கல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் பின்னால் ஒரு கொட்டகையில் சுவரில் சாய்ந்து நின்றது.

தகராறு மகளுக்கும் மகனுக்கும். மகள், அதாவது என் சம்பந்தியம்மா, இங்கிலாந்திலிருந்து முத்திரையுடன் வரவழைத்த பிறப்புச் சான்றிதழை வைத்திருந்தார். அதில் ஜனவரி பத்து. அவருடைய தம்பி டெக்சஸில் இருக்கிறார். அவரிடம் குடும்ப பைபிள் இருந்தது. அதன் முதல் வெற்றுத்தாளில் முந்தைய வருடம் டிசம்பர் இருபது என்று எழுதியிருந்தது. இடைவெளி மூன்று வாரம்தான். நடுவில் புத்தாண்டு வந்துவிட்டதுதான் தொல்லை.

"வருஷத்த மட்டும் போட்டுட்டா என்னங்க?" என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். வருடமும் வேறு வேறு என்றேன். "அப்படின்னா கஷ்டந்தான்" என்று வாழைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

அக்காவும் தம்பியும் அடக்கம் முடிந்த மதியச் சாப்பாட்டிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அவசியமான செய்திகள் என் மருமகன் வழியாகப் போய்வந்தன. அவர் குபெர்டினோவில் மென்பொருள் வேலை பார்ப்பவர். அம்மா சொன்னதை மாமாவுக்கும் மாமா சொன்னதை அம்மாவுக்கும் கடுஞ்சொற்களை நீக்கி அனுப்புவார். நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் டெஸ்க்கில் வைத்துக்கொண்டிருப்பேன்.

தமிழ் நாளிதழ் ஒன்றில் முப்பத்தொரு வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, ஓய்வுபெற்று, சான் ரமோனில் மகள் வீட்டில் மனைவியோடு இருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்துவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. இங்கே திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் விளம்பரத் தாள்களைக் கூடப் பேனாவோடுதான் படிப்பேன். அதைப் பார்த்துத்தான் சம்பந்தியம்மா என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அவருக்கு எழுபது வயது. வெள்ளைக்காரர். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; என் மனைவி நாற்பது வருடமாகச் செய்யாத காரியம். மற்றவர்களிடம் என்னை அறிமுகம் செய்யும்போது, இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாததால், "என் மகனுடைய மாமனார்" என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்வார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு நினைவிருப்பது தமிழில்.

"நீங்க செய்தியைச் சரிபார்க்கிறவர்தானே" என்றார். "எனக்கு வேண்டியது வெளியாள் ஒருவருடைய அறிக்கை. எங்க அப்பா ஜனவரியில் பிறந்தார் என்று."

"எப்போது பிறந்தார் என்றா, ஜனவரியில் பிறந்தார் என்றா?"

"இரண்டும் ஒன்றுதான்" என்றார்.

மூன்று அட்டைப்பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. என் மகள் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை எனக்கு ஒதுக்கினாள். பெட்டியில் இருந்தவற்றை வரிசைப்படுத்தினேன். பிறப்புச் சான்றிதழ். பள்ளி முடித்த சான்று. கப்பலில் அமெரிக்கா வந்தபோது தந்த அட்டை. குடியுரிமைப் பத்திரம். திருமணப் பதிவு. ஓட்டுநர் உரிமம். மரணச் சான்றிதழ். ஏழு தாள்கள், ஏழிலும் ஜனவரி பத்து. எதிர்த்தரப்பில் ஒரே ஒரு பைபிள். அதுவும் டெக்சஸில்.

பைபிளின் படங்களைத் தம்பி என் மருமகனுக்கு அனுப்பியிருந்தார். முதல் தாளில் இறந்தவருடைய அப்பா, அம்மா, அவர்களுடைய நான்கு குழந்தைகள், எல்லோருடைய பிறந்த நாளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில். முதல் குழந்தைக்கும் கடைசிக் குழந்தைக்கும் பத்து வருட இடைவெளி. மை மட்டும் மாறவில்லை. இது ஒரே உட்காரலில் எழுதியது என்று தெரிந்தது. பைபிளின் தலைப்புப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அச்சான வருடம், சம்பந்தப்பட்ட குழந்தை பிறந்து ஆறு வருடம் கழித்து. ஆக, குழந்தை பிறந்தபோது அந்தப் புத்தகமே பிறக்கவில்லை.

எனக்கு ஏற்பட்ட திருப்தியை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். சம்பவம் நடந்து பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்ட குறிப்பு. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. மறுபக்கம் அரசாங்கப் பத்திரங்கள் ஏழு. முடிவு: ஜனவரி பத்து. சம்பந்தியம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு காற்புள்ளியை மட்டும் நீக்கி, மகன் மூலம் டெக்சஸுக்கு அனுப்பிவைத்தார். பதில் மறுநாள் வந்தது. மருமகனுக்கு அதில் நீக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை. "யார் இவர்?" என்று மட்டும் கேட்டிருந்தார் தம்பி.

கேள்வி நியாயமானதுதான். அவருக்குப் பதில் சொல்லத் தகுந்த முறையில் அறிக்கையில் இன்னும் ஓர் ஆதாரம் சேர்க்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் வினை. முடிந்த செய்தியில் கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்களை எங்கள் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கும் ஒரு தளத்துக்குச் சம்பந்தியம்மா ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தார். குடும்பம் சான்றிதழில் சொன்ன தெருவில்தான் இருந்தது என்று காட்ட, குழந்தையின் ஞானஸ்நானப் பதிவைத் தேடினேன். கிடைத்தது. பெயர் சரி. தகப்பன் பெயர் சரி, தொழில் கொல்லர், அதுவும் சரி. தாய் பெயர் சரி. தெருவும் வீட்டு எண்ணும் சான்றிதழில் உள்ளவையே. ஞானஸ்நானம் நடந்த நாள் ஜனவரி மூன்று.

சான்றிதழ்படி அந்தக் குழந்தை பிறந்தது ஜனவரி பத்து.

எந்தப் பாதிரியார் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், பிறப்பதற்கு ஏழு நாள் முன்பு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது.

முதலில் எழுத்துப் பிழை என்று நினைத்தேன், ஏனென்றால் அப்படி நினைக்க விரும்பினேன். பிப்ரவரி என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி ஜனவரி என்று எழுதியிருக்கலாம். மேலே உள்ள பதிவுகளையும் கீழே உள்ள பதிவுகளையும் பார்த்தேன். மேலே டிசம்பர் கடைசி, கீழே ஜனவரி பத்து, பதினேழு. வரிசை பிசகாமல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் அதே பாதிரியாரின் கையெழுத்து. அவர் கவனமான ஆள்.

சம்பந்தியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது வேற குழந்தை" என்றார். "அப்பாவுடைய சித்தப்பா பிள்ளையாக இருக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். எங்கள் வம்சத்தில் மொத்தமே நான்கு பெயர்தான்."

"தாய் பெயரும் அதேதான்."

"அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பெயர்தான்."

"வீட்டு எண்ணும் அதேதான்."

"ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்திருக்கும். நீங்கள் கூடத்தான் மகள் வீட்டில் இருக்கிறீர்கள்."

தொலைபேசியை வைத்தேன். அவர் சொன்னதைச் சரிபார்த்தேன். அங்கே நாடு முழுக்கப் பிறப்புகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட்டு, தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அந்த வருடமும் முன்பின் வருடங்களிலும் அந்தப் பெயரில் பதிவான குழந்தை ஒன்றே ஒன்று. அந்தப் பெயரில் குழந்தை எதுவும் இறந்ததாகவும் இல்லை. சித்தப்பா ஒருவர் இருந்தார். அவருக்கு மூன்றும் பெண்கள்.

ஆக, ஒரே குழந்தை. ஞானஸ்நானம் ஜனவரி மூன்று. பிறப்பு பத்து. இரண்டு பதிவிலும் தவறு தெரியவில்லை. நான்கைந்து நாள் மேசையில் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், "அப்பா, இன்னும் சால்வ் ஆகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு முற்பகல் என் மனைவி கறிவேப்பிலை உருவுவதற்கு மேசையின் மறுபாதியில் வந்து உட்கார்ந்தாள். "அப்படி என்னதானுங்க அதுல இருக்குது?" என்றாள். சான்றிதழை ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டினேன். பிறந்த நாள், பெயர், தகப்பன், தாய், தொழில். தகவல் தந்தவர்: தாய். பதிவு செய்த நாள்: பிப்ரவரி இருபது.

"பொறந்து எத்தன நாளு கழிச்சுப் போயிருக்குறாங்க?"

எண்ணிப் பார்த்தேன். ஜனவரி பத்திலிருந்து பிப்ரவரி இருபது வரை நாற்பத்தொரு நாள்.

"எத்தன நாளுக்குள்ள போவோணும்?"

அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டு நாள். அதற்கு மேல் போனால் தண்டம் கட்ட நேரலாம், மேலதிகாரியிடம் விளக்கம் சொல்ல நேரலாம்.

"ஒரு நாள் மிச்சம் வச்சுப் போயிருக்குது அந்தம்மா" என்றாள் மனைவி, கறிவேப்பிலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாள் தாண்டிப் போச்சு. ஆபீசுல கேட்டா வம்பு. தேதியத் தள்ளிச் சொல்லியிருக்குது. இதுக்கா இத்தன நாளா மேசைய அடச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?"

சான்றிதழைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"உங்களுக்கு ஆவணியிலதானுங்க பொறந்த நாளு. சர்ட்டிபிகேட்டுல மே மாசம். உங்க எட்மாஸ்டர் இங்கிலாந்துக்கு மாத்தலாகிப் போயிருந்தாருன்னு நெனச்சுக்குங்க."

உண்மைதான். நான் ஆவணியில் பிறந்தவன். ஜூனில் பள்ளி திறந்தபோது எனக்கு ஐந்து வயது நிறையவில்லை. தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். கை எட்டினால் ஐந்து வயது. அதுதான் அன்றைய மருத்துவம். அவர் பேனாவைத் திறந்து மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். என் வகுப்பில் பாதிப் பேர் மே கடைசி வாரத்தில் பிறந்தவர்கள். எங்கள் ஊரில் அந்த வாரத்தில் மருத்துவச்சி தூங்கியிருக்கவே முடியாது. அந்தத் தேதிதான் என் பள்ளிச் சான்றிதழில், அதிலிருந்து அலுவலகப் பதிவேட்டில், பாஸ்போர்ட்டில், கிரீன் கார்டில். அந்தத் தேதியை வைத்துத்தான் மூன்று மாதம் முன்கூட்டியே ஓய்வுகொடுத்து அனுப்பினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிப்பட்ட நான்தான் ஏழு தாள்களை எண்ணி அறிக்கை எழுதியிருந்தேன். செய்தி ஏஜென்சி ஒன்று அனுப்பிய தவறான செய்தியை ஏழு பத்திரிகைகள் போட்டால் அது ஏழு ஆதாரம் ஆகாது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த ஏழு தாள்களும் ஒரே தாளின் பிள்ளைகள். அந்த ஒரு தாளுக்கு ஆதாரம் ஒரு தாயின் வாய். தாய் பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிலும் வெள்ளைக்காரத் தாய், முத்திரை போட்ட தாளில். எங்கள் ஊர்ப் பதிவேடுகளை நம்பாத நாங்கள் இங்கிலாந்துப் பதிவேடுகளை அப்படியே நம்புவோம். அதற்குப் பழக்கம் காரணமே தவிர வேறு காரணம் கிடையாது.

டிசம்பர் இருபது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தியது. பிறந்து இரண்டு வாரத்தில் ஞானஸ்நானம். பாதிரியாரிடம் பொய் சொல்ல அவசியமில்லை, அவர் தண்டம் போடமாட்டார். பிப்ரவரியில் பதிவு அலுவலகம். அங்கே அவசியம் இருந்தது. சில வருடம் கழித்து பைபிள் வாங்கியபோது நினைவிலிருந்து உண்மையான தேதி. யாரோ பின்னால் எழுதியது என்று நான் ஒதுக்கிய குறிப்பு, அதிகாரி யாரும் கேட்காமல் எழுதப்பட்ட ஒரே குறிப்பு.

ஏன் தாமதமாகப் போனார் என்று தெரியவில்லை. பனி, காய்ச்சல், மற்ற குழந்தைகள் என்று ஏதாவது எழுதலாம். தாளில் இல்லாததால் எழுதவில்லை.

மாலை இதைச் சொன்னதும் மகளும் மனைவியும் ஒரே குரலில் பேசினார்கள். இது அடிக்கடி நடப்பதில்லை.

"விட்டுடுங்கப்பா" என்றாள் மகள். "ப்ளீஸ். அவங்க ரெண்டு வருஷமா இதுக்காக ஃபைட் பண்ணிட்டு இருக்காங்க. உங்க ஃபர்ஸ்ட் ரிப்போர்ட்டை ஃப்ரேம் போடாத குறைதான். இப்ப போய் தம்பி சொன்னதுதான் கரெக்ட்னு சொன்னா எனக்கில்ல சங்கடம்?"

"ஊருல சம்பந்தி வூட்டுல சாம்பார்ல உப்பு இல்லீன்னாலே சொல்ல மாட்டோம்" என்றாள் மனைவி. "இவரு அவங்க பாட்டியப் போயிப் பொய் சொன்னாங்கன்னு சொல்லப் போறாராமா."

"கண்டுபிடிச்சது நீ."

"நான் கறிவேப்பில உருவிட்டு இருந்தேன். எம் பேர இழுக்காதீங்க."

அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவே இரண்டு வருடம் தபால் சுமந்த களைப்பு மருமகன் முகத்தில் இருந்தது. கடைசியில், "சொல்லிடுங்க அங்கிள்" என்றார் தமிழில். அவருக்குத் தெரிந்த இருபது முப்பது தமிழ்ச் சொற்களில் சரியானவற்றைப் பொறுக்கியிருந்தார்.

சனிக்கிழமை முற்பகலில் அவரே என்னைச் சான் ஹோசேக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கார் கழுவ வேண்டும் என்று கிளம்பிவிட்டார். கார் சுத்தமாகத்தான் இருந்தது.

சம்பந்தியம்மா பின்புறத்தில் எலுமிச்சை மரத்தடியில் காபி வைத்தார். என்னுடைய இரண்டாவது அறிக்கை நான்கு பக்கம். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் போல விரலால் வரிவரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"டிசம்பர் இருபதிலிருந்து பிப்ரவரி இருபது வரை அறுபத்தொரு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"அறுபத்திரண்டு. டிசம்பருக்கும் ஜனவரிக்கும் முப்பத்தொன்று." என் பேனாவை வாங்கித் திருத்தினார். அதன்பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்குப் போய், ஞானஸ்நானப் பதிவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆக, எங்க பாட்டி அதிகாரியிடம் பொய் சொன்னாள்."

"தேதியை மூன்று வாரம் தள்ளிச் சொன்னார்."

"அதற்குப் பெயர் பொய்தான். நீங்கள் மரியாதையாகப் பேசுகிறீர்கள்." காபியை ஒரு வாய் குடித்தார். "அவள் சர்ச்சில் பியானோ வாசிப்பாள். நான் சின்ன வயதில் பென்சில் திருடியதற்கு மூன்று மணி நேரம் நிற்கவைத்தாள்."

அவருக்கு வருத்தமா சிரிப்பா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். வீட்டில் மூவருக்கு என்றேன். "என் தம்பிக்கு?" இல்லை என்றேன், நீங்கள்தான் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பாமல் இருக்கலாம், அறிக்கை உங்களுக்கு எழுதியது.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே தெரிந்தது. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, தம்பியின் எண்ணை அழுத்தினார். எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார்.

நான்காவது மணியில் எடுத்தார். "யாராவது செத்துட்டாங்களா?" என்றது டெக்சஸ் குரல்.

"இல்லை. டிசம்பர் இருபதுதான்."

மறுமுனையில் நாய் ஒன்று குரைத்தது.

"நான் சொன்னது சரி என்கிறாயா?"

"பைபிளில் எழுதியது சரி என்கிறேன். நீ அதைத் திறந்தே பார்த்ததில்லை, முதல் தாளைத் தவிர."

"இதை எழுதிக் கொடுப்பாயா?"

"எழுதிக் கொடுத்தாயிற்று. நான்கு பக்கம். என் மகனுடைய மாமனார் எழுதினார். கூட்டலில் ஒரு தப்பு இருந்தது, திருத்திவிட்டேன்."

"அந்த ஆளா? அந்த ஆள்தானே என் பைபிளைக் குப்பை என்றார்?"

"பக்கத்தில்தான் இருக்கிறார்."

"வணக்கம் சார்" என்றார் தம்பி, குரல் மாறாமல். நானும் வணக்கம் சொன்னேன். குப்பை என்று எழுதவில்லை, சம்பவ காலத்தது அல்ல என்றுதான் எழுதினேன் என்றேன். "அதைத்தான் நான் அப்படிப் புரிந்துகொண்டேன்" என்றார்.

அக்கா பாட்டியின் கதையைச் சொன்னார். நாற்பத்தொரு நாள், அறுபத்திரண்டு நாள், எல்லாம். தம்பி குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்படியானால் ஜனவரியையே போடு" என்றார்.

"என்ன?"

"ஜனவரியைப் போடு. பாட்டி கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த தேதி. அப்பா அதை வைத்துத்தானே வாழ்ந்தார். எல்லாக் கையெழுத்திலும் அதைத்தானே போட்டார். கேக் வெட்டியதும் அன்றைக்குத்தான்."

"இரண்டு வருடமாக டிசம்பர் என்று கத்தியவன் நீ."

"நீ இல்லை என்றாய், அதனால் கத்தினேன். எங்கள் சர்ச்சில் எல்லோரிடமும் என் அக்கா பைபிளை நம்புவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். இனி அவர்களிடம் என்ன சொல்வது?"

"உண்மையைச் சொல். உனக்கு அது புதிதாக இருக்கும்."

அடுத்த முக்கால் மணி நேரம் அக்கா டிசம்பருக்காகவும் தம்பி ஜனவரிக்காகவும் வாதாடினார்கள். இரண்டு தரப்பும் எதிர்த்தரப்பின் பழைய வாதங்களை ஒரு சொல் மாறாமல் எடுத்துப் பயன்படுத்தின. இரண்டு வருடமாக ஒருவர் சொல்வதை மற்றவர் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. என் காபி ஆறிப்போனது. நான் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். அதுவே நல்லது என்று எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு அன்று ஏற்படவில்லை. மூன்று வாரம் கழித்துத் தம்பி விமானத்தில் வந்தார். நெடிய ஆள், அக்காவின் அதே மூக்கு. பைபிளைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "முதல் தாளை நீங்களே பாருங்கள்" என்று கொடுத்தார். பார்த்தேன். படத்தில் தெரியாதது ஒன்று நேரில் தெரிந்தது. நான்கு குழந்தைகளில் இந்த ஒரு குழந்தையின் தேதிக்கு அடியில் மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தது. யார் போட்டது, எப்போது போட்டது, தெரியாது. அதைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றேன். தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார், பிறகு எடுத்தார்.

"டிசம்பர்" என்றார் தம்பி.

"அதைத்தான் நான் மூன்று வாரமாகச் சொல்கிறேன்" என்றார் அக்கா.

மூவரும் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். நான் எதற்கு என்று கேட்டேன். சாட்சிக்கு என்றார் சம்பந்தியம்மா. நான்கு பக்க அறிக்கையையும் இணைப்புகளையும் ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஆதாரம் கேட்டால் கொடுக்க வேண்டுமே.

அங்கே இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். செதுக்க வேண்டிய விவரம் ஒரு கட்டம், தகவல் தருபவர் கையெழுத்து ஒரு கோடு. அவ்வளவுதான். அக்கா தேதியை எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைத் தம்பி பக்கம் தள்ளினார். கோடு ஒன்றுதான் இருந்தது. அவர் கோட்டுக்குக் கீழே போட்டார்.

"ஆதாரம் ஏதாவது காட்ட வேண்டுமா?" என்று நான் உறையைத் திறந்தேன்.

"வேண்டாம் சார்" என்றாள் அந்தப் பெண். "குடும்பம் என்ன எழுதிக் கொடுக்கிறதோ அதைச் செதுக்குவோம். நாங்கள் சரிபார்ப்பதில்லை."

உறையை மூடினேன். அவள் கணினியைப் பார்த்துவிட்டு, "அடக்கப் பதிவேட்டில் ஜனவரி பத்து என்று இருக்கிறது. மகள் கொடுத்த தகவல். கல்லில் வேறு தேதி வரும். பதிவேட்டை மாற்றட்டுமா?" என்றாள்.

மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் ஏன் வேறுபடுகிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பாவது போடச் சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தியம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இருக்கட்டும். அது நான் கொடுத்தது."

"தப்பான தேதி" என்றார் தம்பி.

"தெரியும். பின்னால் வருகிறவர்களும் கொஞ்சம் தேடட்டும்."

அந்தப் பெண் சரி என்று ஏதோ ஒரு விசையை அழுத்தினாள். கல் ஆறு வாரத்தில் வைத்துவிடுவார்கள் என்றாள்.

சாப்பிடப் போகலாம் என்று கிளம்பினோம். அக்கா ஓட்டினார், தம்பி முன்னிருக்கையில், நான் பைபிளோடு பின்னிருக்கையில். ஃப்ரீவேயில் ஏறியதுமே எந்த எக்ஸிட்டில் இறங்குவது என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வழி தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை.